வாரண்டி முடிந்த பிறகு வரும் வருஷங்கள்

இசிப்பிங்கோ, டர்பன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாகப் பேப்பரைக் கேட்டாராமே, அந்த மனுஷன் மாறவே மாட்டார். இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு இந்த வருஷம் மெட்ரிக் பரீட்சை என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. மங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள். வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்தோடு தமிழ்ப் பேச்சு நின்றுபோனவர்கள். ஆனாலும் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பிசகில்லாமல் பாடுகிறார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகளை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, கார் விஷயம். கம்பெனி வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், சின்னதாக ஒரு குடும்ப வண்டி வாங்கணும், உன் வண்டி நம்பகமானதா, அதையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிடலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன், இதுவரை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. ஆனால் அந்த ஒரு ஆமாமை நம்பி நீ கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

உனக்கு பாங்கில் சொல்லியிருப்பது 72 மாசத் தவணை. அதாவது ஆறு வருஷம். வாரண்டி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவில் 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர், சுசுகியில் 5 வருஷம் அல்லது 2,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதோடு சரி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கே விற்கிற டொயோட்டா ஸ்டார்லெட் வேறொன்றுமில்லை, சுசுகி பலேனோதான். இரண்டும் இந்தியாவில் சுசுகி செய்து கப்பலில் அனுப்புகிறவை. ரூமியான் என்பது எர்டிகா, இப்போதைய விட்ஸ் என்பது செலேரியோ. ஒரே வண்டிக்கு இரண்டு முத்திரை, இரண்டு வாரண்டி. முத்திரையைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் தவணை முடிவதற்கு முன்னால் வாரண்டி முடிந்துவிடும். நடுவில் விழுகிற அந்த வருஷங்களில் கியர்பாக்ஸ் போனால் செலவு உன் கையிலிருந்துதான் போகும், தவணையும் மாசாமாசம் போய்க்கொண்டே இருக்கும். வண்டி நம்பகமானதா என்ற கேள்விக்கு அர்த்தமே அந்த வருஷங்களில்தான். என் வண்டி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அப்புறம் நான் எப்படி உனக்குச் சாட்சி சொல்ல முடியும்?

இங்கே கோவில் வாசலில் வண்டி நிறுத்துகிற எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். தங்கமான வண்டி என்றுதான் சொல்வார். புது மாப்பிள்ளையிடம் மாமியார் வீட்டைப் பற்றி விசாரித்த கதைதான் அது. வாங்கி ஆறு மாசம்தான் ஆகியிருக்கும், ஓடியது பத்தாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது.

கேட்பதானால் ஊபர், போல்ட் டாக்ஸி ஓட்டுகிறவர்களைக் கேள். நாம் நாலைந்து வருஷத்தில் ஓட்டுவதை அவர்கள் ஒன்றரை வருஷத்தில் ஓட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைக்குச் சம்பாத்தியம் இல்லை, அதனால் பெருமைக்காகப் பொய் சொல்ல மாட்டார்கள். இங்கே பாதிப் பேர் சுசுகி டிசையரில்தான் ஓட்டுகிறார்கள் என்பதே ஒரு பதில் மாதிரிதான். போன மாசம் மச்சானைக் கூப்பிட கிங் ஷாக்கா ஏர்போர்ட்டுக்குப் போனபோது என் வண்டி மாதிரியே ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவரைப் பிடித்துப் பேசினேன். என்ஜினைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. கிளட்ச், முன் சக்கர பேரிங், சஸ்பென்ஷன் புஷ், இவைதான் செலவு வைத்தன என்றார். எத்தனையாவது கிலோமீட்டரில் எது போனது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார் மனுஷன். இந்தப் பேச்சு பத்து ஷோரூம் காகிதத்துக்குச் சமம்.

என் வண்டிக்கு என்ன வந்தது என்று கேட்டால், வந்ததெல்லாம் சில்லறைதான். நடுவில் இருக்கிற திரை அவ்வப்போது உறைந்து போகும், அப்போது ரிவர்ஸ் கேமராவும் கறுப்பாகிவிடும். டீலரிடம் காட்டினேன், மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடி வந்தது. இப்போது பழையபடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தே பின்னால் எடுக்கிறேன். இடது முன் டயர் ஒரு பள்ளத்தில் இறங்கி பக்கவாட்டில் புடைத்துவிட்டது. அது வண்டியின் குற்றமில்லை, ரோட்டின் குற்றம். ஆனால் அதிலிருந்து ஒன்று சொல்வேன், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் பணம் கட்டாதே. சில வண்டிகளில் முழு அளவு ஸ்டெப்னி இருக்கும், சிலவற்றில் எண்பதைத் தாண்டாதே என்று எழுதிய ஒல்லிச் சக்கரம். ராத்திரி நம் இரண்டு ஊருக்கும் நடுவில், ஹாரிஸ்மித் பக்கத்தில் டயர் வெடித்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது கண்ணாடி விஷயத்தில்தான். ஒரு மினிபஸ் டாக்ஸி உரசி பின்னால் பார்க்கிற வலது பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனான். சாதாரணக் கண்ணாடிதான், ஆனால் மாசக்கணக்கில் காத்திருந்தேன். இன்று வரும், நாளை வரும், கப்பலில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. வண்டி ஓடுகிறது, ஆனால் கண்ணாடி இல்லாமல் ஓட்ட முடியாது. நம்பகத்தில் இதையும் சேர்த்துக்கொள். பாகம் கிடைக்காவிட்டால் கெட்டுப்போன வண்டியும் ஒன்றுதான், நல்ல வண்டியும் ஒன்றுதான். நீ உன் ஊர் பெனோனியில் இரண்டு மூன்று பாகக் கடைக்குப் போய் முன் பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, கிளட்ச் செட், இந்த நாலுக்கும் விலையும் இருப்பும் கேட்டுப் பார். பழைய மாடலோடு பாகம் பொருந்துகிற வண்டி என்றால் உனக்கு யோகம். இந்த விஷயத்தில் போலோ விவோவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கரீகாவில் இங்கேயே செய்கிறார்கள், மூலைக்கு மூலை பாகம் கிடைக்கும். ஆனால் திருடனுக்கும் அது தெரியும். போலோ என்றால் இன்ஷூரன்ஸ்காரன் முகமே மாறுகிறது, முதலில் பிரீமியத்தைக் கேட்டுக்கொள்.

நம்ம ஊர் வண்டிகளும் இங்கே நிறைய ஓடுகின்றன, கவனித்திருப்பாய். ஹூண்டாய் ஐ10, ஐ20 இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருகின்றன, நிசான் மேக்னைட் ஒரகடத்திலிருந்து. 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து நவம்பர் 16 அன்று இறக்கிய அதே டர்பன் துறைமுகத்தில் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக் கார்கள் வரிசையாக இறங்குகின்றன. மங்கையிடம் சொன்னேன், நீங்கள் எதையாவது எதோடாவது முடிச்சுப் போடுவீர்கள் என்றாள்.

உனக்கும் எனக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் ஊர். நான் கடல் மட்டத்தில் ஓட்டுகிறேன், உன் பெனோனி 1,600 மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத என்ஜினுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் குறையும், காற்று அவ்வளவு மெலிந்துபோகிறது. ஆக என் 1.2 லிட்டர் என்ஜினை உன் ஊருக்குக் கொண்டுவந்தால் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். இங்கிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் ஏறும்போதே அது தெரிகிறது. வீட்டில் எல்லாரும் ஏறி, டிக்கி நிறையச் சாமான் வைத்து, ஏசியும் போட்டால், லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு போகும். தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இழுக்கிறது என்று சொல்லாதே. அம்மா, பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய் டெஸ்ட் டிரைவ் கேள். சேல்ஸ்மேன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

டர்போ எடுத்தால் அந்தக் குறை ஏறக்குறைய இருக்காது. ஆனால் டர்போவுக்கு எண்ணெய்தான் உயிர், சர்வீஸைத் தள்ளிப் போடவே கூடாது. நீ எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியும், ஸ்கூட்டர் காலத்திலிருந்தே எண்ணெய் மாற்றுவதற்கு உனக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டும். அதனால் டர்போ வேண்டாம் என்பது என் கட்சி. சாதாரண 1.5 லிட்டர் கிடைத்தால் அதை எடு.

மீனாவுக்காக ஆட்டோமேட்டிக் பார்க்கிறாய் அல்லவா, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. மலிவு வண்டிகளில் ஏஎம்டி என்று ஒன்று போடுவார்கள். உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதே கிளட்ச்தான், காலுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் மிதிக்கிறது. சமதளத்தில் பரவாயில்லை. ஏற்றத்தில், டிராஃபிக்கில், ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடாகித் தேயும். நான் சொன்ன டிரைவருக்குச் செலவு வைத்ததும் இதுதான். சிவிடி என்பது பெல்ட்டும் கப்பியும். ஓட்ட மெத்தென்று இருக்கும், என்ஜின் மட்டும் ஊளையிடும். அதன் எண்ணெயை ஆயுசுக்கும் மாற்றவேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்துகிற பழைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் கொஞ்சம் பெட்ரோல் அதிகம் குடிக்கும், நாலு கியர்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஆனால் இந்த மூன்றில் ஆறு வருஷக் கணக்குக்கு நான் நம்புவது அதைத்தான்.

சர்வீஸ் பிளான் என்று ஒரு தொகையை விலையோடு சேர்த்துச் சொல்வார்கள். அது குறித்த நேரத்துச் சர்வீஸுக்கு மட்டும்தான், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் அதில் வராது. தேய்கிற பாகங்களையும் சேர்த்துக்கொள்ளும் மெயின்டனன்ஸ் பிளான் வேறு. 2021 ஜூலை 1 முதல், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற இங்கத்திய காம்பிட்டிஷன் கமிஷனின் வழிகாட்டுதல் இருக்கிறது. பிளான் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும், வேண்டாம் என்று நீ சொல்லலாம், வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்தாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. ஆனாலும் ரசீதெல்லாம் பத்திரமாக வைத்திரு. நுகர்வோர் சட்டப்படி முதல் 6 மாசத்துக்குள் பெரிய குறை வந்தால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்கிற உரிமை உனக்கு. டீலர் இழுத்தடித்தால் மோட்டார் துறைக்கென்றே புகார் விசாரிக்கிற ஒரு ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், எழுதிப் போடு.

புதுசு வேண்டாம், ஒரு வருஷம் ஓடிய வண்டி போதும் என்று தோன்றினால் டர்பன் பக்கத்து வண்டியை அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்காதே. உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நீ மறந்திருக்க மாட்டாய், எங்கள் பக்கத்து பிராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மாசக்கணக்கில் வேலை நின்றது. அப்போது முங்கிய தனியார் வண்டிகள் எத்தனை துடைத்து மெருகேறி உள்நாட்டுக்குப் போயினவோ. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். உன் பக்கத்தில் துரு பயமில்லை, ஆலங்கட்டி மழைதான். மூடிய பார்க்கிங் இருக்கிறதா?

கடைசியாகப் பணம். பலூன் என்று ஒன்றைத் தவணையில் செருகி மாசத் தொகையைக் குறைத்துக் காட்டுவார்கள். ஆறாவது வருஷம் முடியும்போது அந்தத் தொகை மொத்தமாக வந்து நிற்கும், வாரண்டி முடிந்து பழசான வண்டிக்கு. அதைத் தொடாதே. விலைக்கு மேல் ரோட்டுக்குக் கொண்டுவரும் செலவு என்று ஒரு வரி இருக்கும். அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதித் தரச் சொல், பேரம் பேசினால் குறையும்.

கொட்டேஷன் கிடைத்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. தைப்பூசத்துக்கு நாங்கள் அந்தப் பக்கம் வரலாம் என்று இருக்கிறோம், மெல்ரோஸ் கோவிலில் மங்கைக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. அதற்குள் நீ வண்டி எடுத்துவிட்டால் சரி, இல்லாவிட்டால் சனிக்கிழமை காலையில் சேர்ந்து போய்ப் பார்ப்போம். அப்பாவிடம் கேட்டதாகச் சொல். மீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

அன்புடன்,
முருகேசன்