தகரத்தைத் தூக்கி நிறுத்தியவர்

ஹட்டன்

அன்பின் சிவா,

மகளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை கிடைத்திருக்கிறதாம், அக்கா சொன்னார். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் படித்த பிள்ளை! சந்தோஷம் மச்சான். நம்ம நாட்டுப் பெரிய கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா பெயரை அங்கே முதல் நாளே கேட்பாள். நீ அவளுக்குச் சொல்ல வேண்டிய ஆள் வேறு: பிரான்சிஸ் கேரே.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் காண்டோ என்ற ஊரில் 1965இல் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. ஏழு வயதில் வெளியூருக்கு அனுப்பினார்கள். வெந்துபோகும் வகுப்பறை, நூறு பிள்ளைகளுக்கு மேல். தச்சுவேலை பழக ஜெர்மனிக்குப் போய், பிறகு பெர்லினில் கட்டிடக்கலை படித்தார். படிப்பு முடியுமுன்னே காசு சேர்த்து, 2001இல் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் எழுப்பிவிட்டார். 2004இல் அதற்கு ஆகா கான் கட்டிடக்கலை விருது. 2022இல் கட்டிடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர், ஆப்பிரிக்காவில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

விருது கிடக்கட்டும், கூரையைக் கேள். நம்ம தகரம்தான். ஆனால் சுவர்மேல் அப்படியே படுக்க வைக்கவில்லை. மண்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி உட்கூரைத் தட்டு ஒன்றைப் போட்டு, அதற்கு மேலே கம்பிச் சட்டத்தில் தகரத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். வகுப்புச் சூடு தட்டு வழியாக ஏறி, நடுவில் ஓடும் காற்றோடு போய்விடும். சுவர், ஊர்க் களிமண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து அழுத்திய கல். மழைக்குக் கரைந்துவிடும் என்று ஊரார் பயந்தார்களாம். அதற்கும் அந்த அகலக் கூரைதான் பதில். தரையைப் பெண்கள் கூடி அடித்து வழவழப்பாக்கினார்கள்.

நம்ம மலைநாட்டுக்கு அந்தக் கூரை சரிவராது. மார்கழிக் குளிரில் சூட்டை வெளியே விட்டால் கிழவிகள் நம்மைச் சும்மா விடுவார்களா! நம்ம தொல்லை ஈரமும் மண்சரிவும். எடுக்க வேண்டியது, அவர் ஊராரோடு உட்கார்ந்து பேசிக் கட்டியதை. கண்டியில் கட்டிடக் கலைஞர் மினெட் டி சில்வாவும் 1950களிலேயே வட்டபுலுவ வீட்டுத் திட்டத்துக்குக் குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டுத்தான் வரைந்தார்.

எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் புது வீடு வந்தபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறகு அடுக்க இடமில்லை. இப்போது வீட்டுக்கு வீடு பின்னால் தகரம் இறக்கி, ஆளுக்கொரு அடுப்படி. என்னைக் கேட்டால் அந்த அடுப்படிகளைத்தான் அவள் முதலில் அளந்து வரைய வேண்டும்.

லீவுக்கு அனுப்பி வை. டேப்பும் கொப்பியும் கொண்டு வரட்டும். ஜூன், ஜூலை வேண்டாம், மழை விடாது. சித்திரை என்றால் ஸ்டேசனுக்கு நானே வந்து கூட்டிப் போவேன்.

அன்புடன்,
ராஜு