சரக்குப் பார்ஜுக்கு பேட்டரி வெக்கறதுக்கு முன்னாடி வாய்க்காலை ஒரு தடவ பாருங்க சார்

உள்நாட்டு நீர்வழி ஆணையத்துல இருக்கற அதிகாரிங்களுக்கு, கடலூர் முதுநகர்லேர்ந்து ஒரு டீசல் மெக்கானிக் எழுதறது. வணக்கம்.

இருபது வருஷத்துக்கு மேல படகு இன்ஜின்தான் பிரிச்சி மாட்டிட்டு இருக்கேன். டீசல் பீச்சற நாசில் அடைச்சா கரும்புகை கக்கும், அடித்தட்டுல தேங்கற ஆயில் தண்ணிய ராத்திரில சத்தமில்லாம உப்பனாத்துல இறைச்சி ஊத்திடுவாங்க, காலைல பாத்தா தண்ணி மேல மயில் கழுத்து கலர்ல மினுமினுக்கும். அதனால டீசல் ஒழியணும்னு நீங்க சொன்னா முதல்ல கை தட்டறவன் நான்தான், என் பொழப்பே அதுலதான் ஓடுதுன்னாலும்.

2024 ஜனவரில உள்நாட்டுப் படகுங்கள டீசல்லேர்ந்து பசுமை எரிபொருளுக்கு மாத்தறதுக்கு ஹரித் நௌகான்னு வழிகாட்டுதல் விட்டாங்க, சந்தோஷம். ஆனா எங்க பாத்தாலும் ஆளு ஏத்தற படகு பேச்சாத்தான் இருக்கு. வைக்கத்துல 2017-லேர்ந்து சோலார் படகு ஓடுது, கொச்சியில வாட்டர் மெட்ரோ ஓடுது, சரி, சரக்குக்கு என்ன வழி?

நம்ம பக்கம் 2008-லேயே தேசிய நீர்வழி 4-ன்னு அறிவிச்சாச்சி, காக்கிநாடாலேர்ந்து புதுச்சேரி வரைக்கும், நடுவுல பக்கிங்ஹாம் கால்வாய். எங்க தாத்தா மரக்காணத்து ஆளு. உப்பளத்துலேர்ந்து மெட்ராஸுக்கு தோணில உப்பு போகுமாம், கழி ஊனித் தள்ளுவாங்க, காத்து வந்தா பாய் விரிப்பாங்க, அதுவும் இல்லன்னா ரெண்டு பேர் கரையில எறங்கி கயித்தத் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டே நடப்பாங்க. ஒரு சொட்டு டீசல் கெடையாது (அவருக்கு யாரும் கார்பன் சர்டிபிகேட் குடுக்கல). இப்ப அதே உப்பு லாரில போகுது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஆழம் இல்லாத தண்ணில படகு போனா இன்ஜின் சத்தமே மாறிடும், முகத்துவாரம் தூர்ந்து கெடக்கற எடத்துல நான் காதால கேட்டிருக்கேன், முக்கி முனகும். அடிப்பக்கத்துக்கும் சேத்துக்கும் நடுவுல எடம் கம்மியானா படகு பின்பக்கமா அமுங்கும், ப்ரொபெல்லருக்கு நல்ல தண்ணி கெடைக்காது, அதே லோடு அதே வேகம் ஆனா எண்ணெய் மட்டும் கூடக் குடிக்கும், போதாததுக்கு கூலிங் பம்புக்குள்ள சேறு போயி இம்பெல்லர தின்னுடும். பேட்டரி வெச்சா இது சரியாயிடுமா? ஆகாது சார், பேட்டரி நல்ல வெயிட்டு, படகு இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கும். ஐரோப்பாவுல ரைன் நதியில 2018-லயும் 2022-லயும் தண்ணி வத்தினப்போ பெரிய பெரிய பார்ஜெல்லாம் பாதி லோடுகூட ஏத்த முடியாமத் திணறிச்சி. அதனால வாய்க்காலைத் தூர் வாரறதையே புகை கொறைக்கற வேலையா கார்பன் கணக்குல சேருங்க.

அடுத்தது வேகம். வேகத்தப் பாதியாக் கொறைச்சா இன்ஜின் பவர் கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு போதும், நேரம் டபுள் ஆனாலும் அதே தூரத்துக்கு மொத்தத்துல எரிபொருள் செலவு கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுதான். உப்பு என்ன அழுகியா போகப் போவுது, ஒரு நாள் லேட்டா போனா யாருக்கு என்ன நட்டம்? நெதர்லாந்துல 2021-லேர்ந்து ஒரு சரக்குப் படகு பேட்டரில ஓடுது, அது ஏத்தறது பீரு! கண்டெய்னர் சைஸுல பேட்டரி, தீந்து போனதை எறக்கிட்டு சார்ஜ் ஆனதை ஏத்திக்குவாங்க, காத்துக் கெடக்கற வேலையே இல்ல. அந்த மாதிரி பேட்டரி மாத்தற மேடை ஒண்ணு மரக்காணத்துல போட்டாப் போதும், ஆனா நம்ம உப்புக்காத்துக்கு செம்பு கனெக்‌ஷன் ஆறே மாசத்துல பச்சை பூத்துடும், டெண்டர்ல அதையும் எழுதுங்க. கரண்டையும் நெய்வேலிலேர்ந்தே எடுத்தா புகை இங்கேர்ந்து அங்க போச்சுன்னுதான் கணக்கு, கூரைல சோலாராவது போடுங்க.

மரக்காணத்துக்குத் தெக்கே கழுவெளி இருக்கு, 2021-ல பறவை சரணாலயம் ஆக்கினது, பொக்லைன எடுத்துக்கிட்டு அங்க மட்டும் எறங்கிடாதீங்க. புதுச்சேரிக்கு மிச்ச தூரம் லாரி போகட்டும், பரவால்ல.

கடைசியா ஒண்ணு. இன்ஜினுக்கு பதிலா கரண்ட் மோட்டர் வந்தா எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் ட்ரெயினிங் குடுங்க. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரங்க பேட்டரி படகு காட்டறோம்னு வந்தாங்க, ரெண்டாவது நாளே நின்னு போச்சி, தொறந்து பாக்கட்டுமான்னு கேட்டேன், வாரண்டி போயிடும்னு சொல்லி தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போனவங்கதான், இன்னும் வரல. அந்தப் படகு எங்க பட்டறைக்கு எதுக்கவே கெடக்குது, வந்தீங்கன்னா காட்டறேன்.