டிவி இல்லாத 304-ம் வீட்டிலிருந்து

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரலில் இருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும், முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. 48 வீட்டுக்கும் மொத்தமாக ஒரே கேபிள் எடுத்தால் மலிவு என்று ஒப்பந்தம் போட்டீர்கள். மெயின்டனன்ஸில் மாதம் 350 ரூபாய் ஏறியது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது என்று முதல் மாதமே நேரில் வந்து சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அந்த 350-ஐக் கழித்துக்கொண்டு மீதியை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவருகிறோம். இதுவரை ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை.

போன வாரம் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் 'பாக்கிதாரர்கள்' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதில் எங்கள் வீட்டு எண் மட்டும் சிவப்பு மையில் இருந்தது. நான்கு மாதத்துக்கு 1,400, தாமதக் கட்டணம் 100, மொத்தம் 1,500.

இந்த மடலை எழுத வைத்தது அந்த 1,500 ரூபாய் இல்லை. என் மாமனார்.

மாமாவுக்கு 79 வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மளிகைக்கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்கிய காலத்திலும் ஒன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குள் கடைக்காரரிடம் போய் நிற்பவர் என்று என் கணவர் சொல்வார். நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்தவர் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் படியேறியே வந்திருக்கிறார். மூன்று மாடி, 54 படி. வலது முழங்காலில் தேய்மானம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கும் மனிதர். மூன்றாம் நாள் மாலை இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரை வாட்ச்மேன் பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய், "ஏன் மாமா, லிஃப்ட் ஓடலையா?" என்று கேட்டேன். "ஓடுதும்மா. லிஃப்ட் வர்ற வரைக்கும் அந்த போர்டு முன்னாடி நிக்கணுமே" என்றார்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

செயலாளர் சார், பொதுக்குழுவில் நீங்கள் சொன்ன உதாரணமும் லிஃப்ட்தான். தரைத்தளத்தில் இருப்பவர்கள் லிஃப்டில் ஏறுவதில்லை, ஆனாலும் பணம் கட்டுகிறார்கள், அதுபோலத்தான் இதுவும் என்றீர்கள். நல்ல உதாரணம்தான், கைதட்டல்கூட விழுந்தது. ஆனால் லிஃப்ட் கட்டடத்தின் உறுப்பு. மோட்டார், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அவற்றில் நான் எதையாவது கேள்வி கேட்டிருக்கிறேனா? என் ஹாலில் யார் எந்த சீரியல் பார்ப்பது என்பது எப்படிப் பொதுச் செலவாகும்? நாளைக்கே மொத்தமாக எடுத்தால் மலிவு என்று 48 வீட்டுக்கும் ஆட்டுக்கறி ஒப்பந்தம் போட்டால், இரண்டாம் மாடியில் சைவம் சாப்பிடுகிறவர்கள் பணம் கட்டுவார்களா?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியே, எந்த சேனல் வேண்டுமோ அதை நாமே தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்பதுதான். சேனலையே வேண்டாம் என்று சொல்ல முடியுமென்றால், பெட்டியையே வேண்டாம் என்று சொல்லக் கூடாதா? 2006-ல் அரசாங்கமே வீடு வீடாகக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போனது. சும்மா கொடுத்த அரசாங்கம்கூட, பார்க்காவிட்டால் அபராதம் என்று சொல்லவில்லை.

சரி, "டிவி இல்லாம எப்படிம்மா இருக்கீங்க? வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்களே, அன்று சிரிப்புச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் கொள்கைக்காரர்கள் இல்லை. நான் தூத்துக்குடியில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் சென்னைத் தூர்தர்ஷன் தெரியாத நாளிலேயே மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பினால் கொழும்பு ரூபவாஹினி தெரியும். புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதற்கே தெரு கூடிவிடும். பிறகு வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க டீச்சர் வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. டிவி மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது.

எங்கள் டிவி 2015 டிசம்பரில் செத்தது. அப்போது முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அடையாறு பெருகி ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடியில் வீட்டுக்காரர் வீட்டுக்கு ஏறினோம். நான் சர்டிஃபிகேட் பையையும் பால் பவுடரையும் எடுத்தேன், மாமா டிரான்சிஸ்டரை எடுத்தார். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. அடுத்த நான்கு நாள் கரண்ட் இல்லை, செல்போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை. எந்தப் பாலம் முழுகியது, எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் அந்த டிரான்சிஸ்டர்தான் சொன்னது. மாடியில் தங்கியிருந்த நான்கு குடும்பமும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிந்ததும் கீழே இறங்கிப் பார்த்தால் 32 இன்ச் டிவி குப்புறக் கிடந்தது, உள்ளே சேறு.

அடுத்த மாதம் வாங்கலாம் என்றோம். முதலில் கட்டில், பிறகு ஃப்ரிட்ஜ், பிறகு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். பொங்கல் போனது, சித்திரை போனது. தீபாவளி வந்தபோதுதான் பத்து மாதமாக யாருமே அதைக் கேட்கவில்லை என்பது எங்களுக்கே உறைத்தது. அவ்வளவுதான் கதை. இந்த ஃப்ளாட்டுக்கு வந்தபோது பில்டர் வைத்துக்கொடுத்த டிவி பாயிண்டில் தினக்காலண்டர் தொங்குகிறது. அதன் பின்னால் ஒரு பல்லிக் குடும்பம். என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, டிவி ரிப்பேரா?" என்று கேட்கும். இரண்டாம் நாள் பல்லிக்குப் பெயர் வைத்துவிடும்.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. என் பெரியவன் அதிலேயே கிரிக்கெட் பார்க்கிறான், அதற்காக அவனோடு தினம் சண்டை போடுகிறேன். டிவி இல்லாததால் நாங்கள் ஞானிகளாகிவிட்டோம் என்று சொல்லவரவில்லை. இல்லாமல் போனதால் சில இழப்பும் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. 302-ம் வீட்டம்மா கூப்பிட்டார். டியூஷன் பிள்ளைகள் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மணி தாண்டி நாலு நிமிஷம், நிலா மண்ணைத் தொட்டது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொன்னதும், அதே மாவட்டத்தில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த மாமா சேரை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அந்த வீட்டுக் கேசரியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டில் டிவி இருந்திருந்தால் 302-க்கும் எங்களுக்கும் பழக்கமே ஏற்பட்டிருக்காது.

மற்றபடி டிவி இல்லாத வாழ்க்கை என்று ஒன்று இந்த ஊரில் யாருக்கு வாய்க்கிறது? சலூனில் டிவி, டீக்கடையில் டிவி, ஆம்னி பஸ்ஸில் டிவி. ஜுரத்தோடு டாக்டருக்குக் காத்திருக்கும் இடத்தில் எட்டு சதுரத்துக்குள் எட்டு பேர் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ரிமோட் யாரிடம் இருக்கிறது என்று நர்ஸுக்கும் தெரிவதில்லை. மேல்வீட்டு சீரியலை நான் இரண்டு வருஷமாகக் காதாலேயே பார்த்துவருகிறேன். பாயசத்தில் விஷம் கலந்தது யார் என்று அந்த வீட்டு மருமகளுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தச் சேவைக்குத்தான் 350 ரூபாய் என்றால் சொல்லுங்கள், நேராக மேல்வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் யாரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். செப்டிக் டேங்க் நிரம்பிய அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பொருளாளர் சார்தான் லாரிக்கு அலைந்தார், அதை நான் மறக்கவில்லை. 48 வீடு என்று சொல்லி விலை பேசிவிட்டோம், ஒரு வீட்டை விட்டால் எல்லோரும் விலகுவார்கள் என்ற உங்கள் பயமும் புரிகிறது. ஆனால் இந்த நான்கு மாதத்தில் விலகியது நாங்கள் ஒருவர்தானே? டிவி உள்ளவர்கள் ஏன் விலகப்போகிறார்கள்? கேபிள்காரர் 47 வீட்டுக்கு அதே விலை தர மாட்டார் என்றால், அவரிடம் யாராவது கேட்டுப் பார்த்தீர்களா?

நான் கேட்பது இரண்டே இரண்டு. முதலாவது, நோட்டீஸ் போர்டிலிருந்து 304-ஐ எடுத்துவிடுங்கள். அடுத்த பொதுக்குழு வரைக்கும் காத்திராமல் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதை நாம் உட்கார்ந்து பேசலாம், அந்தத் தாள் மட்டும் அங்கே இருக்கக் கூடாது. இரண்டாவது, எங்கள் மெயின்டனன்ஸிலிருந்து கேபிள் கட்டணத்தை நீக்குங்கள், போட்ட அபராதத்தையும் சேர்த்து. நாங்கள் வாங்காத பொருளுக்கு எப்படிப் பாக்கி வைக்க முடியும்? இந்த மாத மெயின்டனன்ஸை, வழக்கம்போல 350 கழித்து, நேற்றே கட்டிவிட்டோம்.

பொதுக்குழு முடிந்த மறுநாள், ஆளில்லாத நேரத்தில், கேபிள் பையன் செட்டாப் பாக்ஸ் ஒன்றை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரிக்கவில்லை, செருப்பு ஸ்டாண்டின் மேல் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எந்த நேரமும் வரலாம், காலை ஏழேகாலில் இருந்து ஏழரை வரை மட்டும் பெல் அடிக்க வேண்டாம். மாமா ரேடியோவில் செய்தி கேட்கும் நேரம்.

இப்படிக்கு,
304