கர்ப்ப காலத்தில் கவனிக்கப்படாத ஒரு வைரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

எமது முன்பள்ளியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிரகணத்தன்று தாய் வெளியே போனதால் வந்த குறை என்று அயலவர் சொல்ல, அந்தத் தாய் தலைகுனிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. அவளது குறைபாட்டின் காரணத்தை மருத்துவரே கூறவேண்டும். ஆனால் இத்தகைய பழி எந்தத் தாய்க்கும் நியாயமன்று. கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தொற்றும் வைரசும் இவ்வாறான குறைகளுக்குக் காரணமாகலாம்; அவற்றுள் கவனிக்கப்படாத ஒன்று சைட்டோமெகலோ வைரஸ்.

கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா என்னும் வைரஸ் தொற்று குழந்தையின் கண்ணைப் பாதிக்கும் என்பதை 1941இல் அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக் எடுத்துக்காட்டினார். தடுப்பூசியின் பயனாக இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. ஆனால் சைட்டோமெகலோ வைரசுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் பரவும் இது, தாய்க்குப் பெரும்பாலும் அறிகுறி எதனையும் காட்டாது. பிறப்பில் நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் சில ஆண்டுகளின் பின் செவிப்புலன் குறையக்கூடும். சிலருக்கு மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

மூத்த பிள்ளை கடித்துவிட்டு நீட்டும் பிஸ்கட்டைத் தாய் வாயில் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. அதைத் தவிர்ப்பதும், அணையாடை மாற்றியபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் ஆபத்தைக் குறைக்கும். திருகோணமலை மாவட்டக் கிளினிக்குகளில் திரிபோஷா சத்துமாவுக்காகத் தாய்மார் காத்திருக்கும் வேளையில், குடும்பநல உத்தியோகத்தர்கள் இதனை விளக்கவும், பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் செவிப்புலன் பரிசோதனை தவறாது கிடைக்கவும் சுகாதார அதிகாரிகள் ஆவன செய்யவேண்டும்.

முன்பள்ளி ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.