வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் வெள்ளிக்கிழமை நடன நண்பர்களுக்கும், அந்த மண்டபத்தில் ஒருநாளும் காலடி வைக்காத, நான் மாக்சிக் (மலாயில் அத்தை) என்று அழைக்கும் எதிர்வீட்டுப் பெரியவருக்கும்,

வணக்கம்.

நான் நடனத்துக்கு வரும் நேரத்தில் படுக்கையிலிருக்கும் என் அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் மாக்சிக். அவர் இந்த மாதக் கடைசியில் மகனோடு இருக்கச் சிங்கப்பூரின் கிழக்கே தெம்பனிஸுக்குப் போகிறார். அவர் அதைச் சொன்ன அன்று, என் வெள்ளிக்கிழமைகள் முடிந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டு விடைபெற்றும் வந்துவிட்டேன். மறுவாரமே என்னை வரச் சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்தீர்கள். எந்த வெள்ளி யார் ஆடாமல் என் அம்மாவோடு உட்காருவது என்று ஆறு பேர் உங்களுக்குள் பேசி எழுதிய அட்டவணை. அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2018-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடக் கையும் இடக் காலும் போயின. கணவர் பேருந்து ஓட்டுநர், வெள்ளிக்கிழமை மாலை வேலை. ஓராண்டு நான் சந்தை, மருந்தகம் தவிர வேறெங்கும் போகவில்லை. ஒருநாள் மின்தூக்கிக்குள் மன்றத்தின் அறிவிப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். பெரியவர்களுக்கான பால்ரூம் ஜோடி நடனம், இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை, கட்டணம் மூன்று டாலர். பக்கத்தில் நின்ற மாக்சிக் என் முகத்தைப் பார்த்தார். "நீ போ. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மலாயில் சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் 1937-இல் பிறந்து சிராங்கூன் சாலைப் பக்கம் வளர்ந்தவர். ஜோடி நடனம் என்றால் அவருக்கு ஜாலான் புசார் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காதான். 1923-இல் திறந்த அந்தப் பூங்காவின் காபரே கூடத்தில் ஆண்கள் சீட்டு வாங்கி, அங்கு வேலைசெய்த பெண்களோடு ஆடுவார்கள். உழைத்துக் குடும்பம் காப்பாற்றிய அந்தப் பெண்களை ஊர் என்னவெல்லாம் பேசியது என்று அம்மாவுக்குத் தெரியும். என்னையும் அப்படிப் பேசிவிடுவார்களோ என்று பயந்தார். சமூக மன்றத்தில்தான் என்று சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். 1963-இல் தொலைக்காட்சி வந்தபோது அக்காவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமூக நிலையத்துக்குப் போய்ப் பார்த்தவர் அவர். "அங்கயா? சரி, நேரத்தோட வந்துடு."

முதல் வெள்ளி ரப்பர் அடிக் காலணியோடு போனேன். இறகுப்பந்துக் கோடுகள் போட்ட அதே மண்டபம்தான். திரும்பும்போது கால் தரையில் ஒட்டி முட்டியை முறுக்கியது. முன்பின் தெரியாத சீன ஆன்ட்டி ஒருவர் பையிலிருந்து மெல்லிய தோல் அடிக் காலணியை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தத் தோல் வழுக்கவும் வழுக்காது, பிடிக்கவும் பிடிக்காது. அளவு சரியாக இருந்தது. பிறகு அவரே வந்து கைநீட்டினார்.

நம் மண்டபத்தில் எப்போதும் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. ஆண் வந்து அழைக்கட்டும் என்று இருந்தால் பாதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்தே வீடு திரும்ப வேண்டும். ஆன்ட்டி அதற்காகவே லீட் செய்ய, அதாவது ஆண் இடத்தில் நின்று இணையை நடத்திச் செல்ல, கற்றவர். மூன்று தட்டுக்கு ஆடும் வால்ட்ஸில் தான் இடக்கால் முன்வைத்து என் வலக்காலைப் பின்னுக்கு அனுப்ப வேண்டும், என் தோள்பட்டைக்குக் கீழே வைத்த உள்ளங்கையால் திசை சொல்ல வேண்டும், வலஞ்சுழியாக இல்லாமல் இடஞ்சுழியாக மண்டபத்தைச் சுற்றும் மற்ற ஜோடிகள்மேல் மோதாமல் கூட்டிப்போகவும் வேண்டும். இதை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். நாள் முழுக்க வீட்டில் அடுத்து என்ன என்று முடிவெடுப்பவள் நான்தான். மருந்து, கஞ்சி, புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம். அந்த மூன்று நிமிடம் அடுத்த அடியை வேறொருவர் யோசித்தார். ஆன்ட்டி, அது எனக்கு எவ்வளவு பெரிய ஓய்வு என்று உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போது நானும் லீட் செய்யக் கற்றுவிட்டேன். புதிதாக வருபவர்களிடம் முதலில் போய்க் கைநீட்டுவது உங்களைப் பார்த்து வந்த பழக்கம்.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி கொரோனாவால் எல்லாம் அடைபட்டது. அந்த வாரம் வெள்ளி ஏழரைக்கு என் தொலைபேசி ஒலித்தது. பாட்டுப் போடும் அங்கிள், "ரெடியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வால்ட்ஸ் ஒன்றை ஒலிக்கவிட்டார். போட்டிகளில் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு வரை போகும். அவர் எங்களுக்காக எண்பதுக்குக் குறைத்து வைத்திருப்பார். அம்மாவின் கட்டிலருகே இணை இல்லாமல் கையை மட்டும் ஏந்தி ஆடினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வலக் கை விரல்கள் போர்வைமேல் தட்டத் தொடங்கின. "தகிட, தகிட... இது திஸ்ரம்தானேடி. இதைப் போய் என்னமோன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து வெள்ளி காலையிலேயே என் காலணியை எடுத்து வைத்தாயா என்று கேட்பவர் அம்மாதான். அங்கிள், அது நீங்கள் செய்த காரியம்.

சம்பளம் வாங்காமல் சொல்லித்தரும் ஆசிரியருக்கும், சாச்சா நடனத்தில் நான் தடுமாறினால் தானும் அடியைச் சுருக்கிக்கொள்ளும் யுரேஷிய அங்கிளுக்கும், நாங்கள் போன பிறகு அத்தனை நாற்காலியையும் அடுக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பிக்கும் என் நன்றி. "போய்ட்டு வா" என்பதைத் தவிர ஒரு கேள்வியும் கேட்காத என் கணவருக்கும்.

மாக்சிக்கைப் பற்றி எழுத நினைத்தால் கை நின்றுவிடுகிறது. மன்றம் மூடிக்கிடந்த காலம் போக மற்ற வெள்ளிகளில் எல்லாம், மாலைத் தொழுகை முடித்ததும் வருவார். இரவுத் தொழுகையை எங்கள் கூடத்தில் தொழுவார். அதற்கென்று சன்னலோரத்தில் நாற்காலி எதுவும் போடாமல் விட்டிருக்கிறோம், அது மாக்சிக் இடம். அம்மாவும் அவரும் பழைய சந்தை மலாயில் பேசிக்கொண்டிருப்பது நான் திரும்பும்போது வாசல்வரை கேட்கும். ஒருமுறை பணம் கொடுக்கப் போய் அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதை நானே மலாயில் வாசித்துக் காட்டுவேன்.

வரும் வெள்ளி அட்டவணை வேண்டாம். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து மாக்சிக்கும் நானும் மண்டபத்துக்கே அழைத்து வருகிறோம். பக்கவாசல் சரிவில் மட்டும் யாரும் நாற்காலி அடுக்க வேண்டாம். அங்கிள், முதல் பாட்டு வால்ட்ஸாக இருக்கட்டும்.