முகாமுக்குப் போகுமுன் காதைப் பற்றிக் கொஞ்சம்

அன்புள்ள தம்பிக்கு,

கலிபோர்னியாவின் காம்ப்ரியாவில் நடக்கும் இம்ப்ராவ் (எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நொடியே உருவாக்கி நடிக்கும் நாடகம்) முகாமுக்குப் பணம் கட்டிவிட்டாய். எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், ஆனால் முதலில் தூக்கத்தைப் பற்றி. இம்ப்ராவில் களைப்பு வந்தால் முதலில் போவது நகைச்சுவை இல்லை, காது. நாலு மணி நேரம் தூங்கியவனுக்கு வாய் வழக்கம்போல ஓடும். எதிரில் நிற்பவள் "வாங்க மாமா" என்று தொடங்கியிருப்பாள். இவன் மூன்றாவது வரியில் அவளையே "டாக்டரம்மா" என்பான். பார்ப்பவர்கள் அந்த நொடியே கைவிட்டுவிடுவார்கள். ஆகவே கீழே சொல்வதெல்லாம் மூன்றாம் நாள் இரவு வரை உன் காதைக் காப்பாற்றுவதற்குத்தான்.

அந்த ஊர் மான்டெரே பைன் காடும் கடலும் ஒட்டிய இடம். கலிபோர்னியா கோடை என்று அரைக்கால் சட்டையோடு போகாதே. காலையும் இரவும் கடல்மூட்டம் இறங்கும், குளிர் 10 டிகிரியைத் தொடும். தடித்த ஸ்வெட்டர், தூங்குபை, காதடைப்பான் இரண்டு ஜோடி (ஒன்று தொலையும்), தலையில் மாட்டும் விளக்கு, மெல்லிய அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ, வாலிபால்காரர்கள் போடும் முழங்கால் உறை, இவை போதும். மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியைக் கண்டால் தள்ளி நட. அதுதான் பாய்சன் ஓக், அதன் எண்ணெய் துணியில் ஒட்டினாலும் அரிக்கும், உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சைவம் என்றால் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடு. அங்கே போய்ச் சொன்னால் இலைதழைதான் கிடைக்கும். பருப்புப் பொடி ஒரு டப்பா இருந்தால் நல்லது. ஆனால் எந்தச் சாப்பாட்டையும் படுக்கும் கேபினில் வைக்காதே, ரக்கூன் வரும்.

தொண்டை கெடுவது மேடையில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில். நூறு பேர் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசி, இரவில் நெருப்பு மூட்டிய இடத்தில் புகையை இழுத்து, பீரும் குடித்தால் மறுநாள் கரகரப்பு நிச்சயம். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுக்காதே, இழுத்துக் கிசுகிசுத்தால் குரல்நாண் இன்னும் இறுகும். பாட்டில் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, "ஊ" என்று குமிழி வரும்படி காலையில் மூன்று நிமிடம் ஊது. பாடகர்கள் செய்வதுதான்.

இப்போது வகுப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார். இரண்டு மணி நேர வகுப்பு, 14 பேர். வார்ம்-அப்புக்கு 20 நிமிடம், விளக்கத்துக்கு 40. மிச்சம் 60. இருவர் காட்சி மூன்று நிமிடம், ஆசிரியர் குறிப்பு இரண்டு நிமிடம் என்றால் 12 காட்சிதான். ஆளுக்கு இரண்டு வாய்ப்புகூட முழுதாக வராது. ஆக, வகுப்பின் பெரும்பகுதி பார்ப்பதுதான். சும்மா சிரித்துக்கொண்டு பார்க்காதே. யார், எங்கே, இவர்களுக்குள் என்ன என்பது எத்தனையாவது வரியில் தெரிந்தது என்று கவனி. மூன்று வரிக்குள் தெரியாத காட்சி பெரும்பாலும் வாய்ச்சண்டையாக முடியும். உனக்குக் குறிப்பு வந்தால் "நான் ஏன் அப்படிச் செய்தேன்னா" என்று ஆரம்பிக்காமல், ஒரு வரி எழுதிக்கொண்டு உட்கார். ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு இருந்தால் இரண்டுக்குப் போ, மதியம் படு. பெரிய பெயர் உள்ள ஆசிரியரைவிட உனக்கு வராத விஷயத்தைச் சொல்லித்தருபவரைத் தேர்ந்தெடு. பேசியே தப்பிப்பவன் நீ. பேச்சில்லாக் காட்சி வகுப்பு இருந்தால் அதுதான் உனக்கு.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பேஸ்பாலும் ப்ராமும் (பள்ளி நடன விருந்து) தெரியாமல் முழிப்பது வேறு விஷயம். அப்போது தெரிந்ததாக நடித்தால் சறுக்கும். உன் பாத்திரத்துக்கே அது தெரியாது என்று வைத்துக்கொண்டு, காட்சிக்குள்ளேயே கேள். நீ கொண்டுவரும் சரக்கு துல்லியமாக இருக்கட்டும். "சமையலறை" என்பதைவிட "மூன்று விசில் வந்தும் அணைக்காத குக்கர்" எதிராளுக்குப் பிடிமானம் தரும்.

எதிராள் சொன்னதை ஏற்று மேலே ஒன்றைச் சேர் என்னும் "ஆமாம், அதோடு" விதி கதைக்குத்தான், உன் உடம்புக்கு இல்லை. வகுப்பு தொடங்குமுன் "என்னைத் தூக்க வேண்டாம், முதுகு சரியில்லை" என்று சொல்வது மரியாதைதான். எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொள்பவரோடு ஆடாதே.

நள்ளிரவு ஜாமில் (யார் வேண்டுமானாலும் மேடையேறி ஆடும் நேரம்) நடப்பது எப்போதும் ஒரே கோளாறு. புது ஆட்கள், எல்லோருக்கும் மரியாதை, அதனால் எவரும் காட்சியை வெட்டுவதில்லை, அதாவது முடித்து அடுத்ததைத் தொடங்குவதில்லை. மூன்றாம் நிமிடம் பெரிய சிரிப்பு வந்ததும், மேடையின் முன்பக்கமாகக் குறுக்கே ஓடி வெட்டு. தயங்கி பாதி ஓடி நின்றால்தான் குழப்பம். தோளைத் தட்டினால் அது வேறு: அந்த ஆள் வெளியேற, மற்றவர் அதே பாத்திரமாக நிற்க, நீ புது இடத்தைத் தொடங்குகிறாய். ஒரு ஜாமில் இரண்டு முறை ஆடியதும் படுக்கப் போ.

கடைசி இரவு உன் அணி ஹெரால்டு போடும் என்று வைத்துக்கொள். 1967இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பிறந்து, டெல் குளோஸ் என்ற இம்ப்ராவ் ஆசிரியர் சிகாகோவில் வளர்த்தெடுத்த நீள இம்ப்ராவ் வடிவம் அது. பார்ப்பவர்களிடமிருந்து "சாவி" என்று ஒரு சொல் வருகிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு தொடக்கம், மூன்று காட்சி, ஒரு கூட்டாட்டம். அதே மூன்றும் திரும்பி வரும், மறுபடி கூட்டாட்டம், கடைசிச் சுற்றில் கலக்கும். கிட்டத்தட்ட 25 நிமிடம். தடுமாறுவது இரண்டாம் சுற்றில்தான். முதல் சுற்றில் வாடகைக்காரர் எல்லோருடைய சாவிக்கும் நகல் வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா வந்தாள் என்றால், அடுத்து அதே வாசலில் அடுத்த நிமிடத்தைத் தொடராதே. அவளைக் கல்யாணப் பந்தியில் உட்கார வை. அங்கேயும் பக்கத்து இலையை எண்ணட்டும். மற்ற இரண்டு காட்சிகளோடு வலிந்து முடிச்சுப் போடாதே. அந்த இரண்டையும் உண்மையாகவே கேட்டிருந்தால் கடைசிச் சுற்றில் முடிச்சு தானாக விழும்.

ஒன்று சொல்லட்டுமா, இம்ப்ராவ் வகுப்பு விளையாட்டுகளில் பல வயோலா ஸ்போலின் என்ற நாடக ஆசிரியை சிகாகோவில் குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவானவை. அவர் மகன் பால் சில்ஸ் 1959இல் சிகாகோவின் செகண்ட் சிட்டி நகைச்சுவை அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதனால் வார்ம்-அப்பில் கைதட்டி வட்டமாக நிற்க வெட்கப்படாதே.

முகாம் முடிந்த காலை எல்லோரும் கட்டிப்பிடித்துவிட்டு உடனே கிளம்புவார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு நாலு மணி நேர ஓட்டம். கூட ஒருவரை ஏற்றிக்கொள், பாதி வழியில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடு. கண் சொருகினால் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்கு.

அன்புடன்,
அண்ணன்