சாவி கொடுத்த மறுநாளும் வாருங்கள்

குடும்பக் காப்பகங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

வீடிழந்த குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை போவேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவேன், பெரியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவேன். சில நாள் வேறெதுவும் செய்யாமல், ஒரு தாய் குளித்துவிட்டு வரும்வரை அவருடைய கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்து, அவர்கள் காப்பகத்தை விட்டுப் போகும் நாளோடு நம் வேலை முடிந்தது என்று வைத்திருக்கிறோமே, அந்த வழக்கத்தை மாற்றுங்கள். அதற்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் ஒரு தன்னார்வலர் அந்தக் குடும்பத்துக்குத் துணையாக இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இதை எழுத வைத்தவர் ஒரு தாய். இரண்டு பிள்ளைகளோடு எங்கள் காப்பகத்தில் ஐந்து மாதம் இருந்தார். வீடு கிடைத்த அன்று மூட்டை முடிச்சுகளை ஏற்றி இறக்க நாங்கள் நாலைந்து பேர் போனோம். விளக்குகள் எரிகின்றனவா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தோம். சின்னவன் ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். காப்பகத்தில் அவர்கள் இருந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. எல்லோரும் மனம் நெகிழ்ந்து திரும்பினோம். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. எட்டு மாதம் கழித்து ஒரு மாலை, காப்பகத்தின் பதிவு மேசைக்கு முன்னால் அதே பிள்ளைகள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய விபரீதம் எதுவும் நடந்திருக்கவில்லை. மூத்தவளுக்குக் காய்ச்சல் விடாமல் இருந்ததால் பத்து நாள் அந்தத் தாய் வேலைக்குப் போகவில்லை. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்த மாதம் பாதி வாடகை நின்றது, அடுத்த மாதம் முழுதும் நின்றது. வீட்டு உரிமையாளர் அனுப்பிய கடிதத்தைப் பயத்தில் பிரிக்காமலே வைத்துவிட்டார். நிலுவையைத் தவணையாகக் கட்டலாம், வந்து பேசுங்கள் என்றுதான் அதில் எழுதியிருந்தது. "ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் உள்ளே இருக்கிறவர்களுக்குத்தானே? நாங்கள்தான் வெளியே போய்விட்டோமே" என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. நம் ஏற்பாடு அப்படித்தான் இருக்கிறது. காப்பகத்துக்குள் இருக்கும்வரை பாடம் சொல்ல ஆள் உண்டு, பேச ஆள் உண்டு, விசேஷ நாள் என்றால் தேவைக்கு மேலேயே ஆள் உண்டு. வெளியே போன மறுநாள் யாரும் இல்லை. மின்கட்டணம், வாடகை, பள்ளி, வேலை, அறிமுகமில்லாத அக்கம்பக்கம் எல்லாம் ஒரே வாரத்தில் தலைமேல் வந்து விழும் நேரம் பார்த்து நாம் கையை விட்டுவிடுகிறோம்.

ஒன்பது மாதம் என்று நான் சும்மா சொல்லவில்லை. நியூயார்க்கில் எஸ்ரா சஸ்ஸர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், காப்பகத்திலிருந்து வீட்டுக்கு மாறும் அந்த இடைக்காலத்தை மட்டும் குறிவைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். முதல் மூன்று மாதம் நெருக்கமான துணை. அடுத்த மூன்று மாதம் சற்றுத் தள்ளி நின்று, எது ஓடுகிறது, எது தடுமாறுகிறது என்று பார்ப்பது. கடைசி மூன்று மாதம் உறவினர், அக்கம்பக்கத்தார், அந்தப் பகுதியில் உள்ள சேவைகள் ஆகியோரிடம் துணையை ஒப்படைத்து விலகுவது. கடுமையான மனநோயோடு காப்பகத்தில் இருந்த 96 ஆண்களிடம் இதைச் சோதித்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். 18 மாதங்களில், வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 91 இரவுகள் வீடில்லாமல் கழித்தார்கள். இந்தத் துணை கிடைத்தவர்கள் கழித்தது 30 இரவுகள். துணை ஒன்பதாம் மாதத்தோடு நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்பதும், தனி ஆண்களின் நிலைமை வேறு, பிள்ளை குட்டியோடு இருப்பவர்களின் நிலைமை வேறு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எந்த இடத்தில் ஆள் தேவை என்பதை அது காட்டிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன்னார்வலர் யாரும் வாடகைக்கு ஈடாக மாட்டார். அமெரிக்க வீட்டுவசதித் துறை 12 இடங்களில், காப்பகத்துக்கு வந்த 2,282 குடும்பங்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. சில குடும்பங்களுக்கு நீண்டகால வாடகை உதவி, சிலருக்குக் குறுகியகால உதவி, சிலருக்கு இடைக்காலத் தங்குமிடம் என்று பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். நீண்டகால வாடகை உதவி பெற்றவர்களிடையே மீண்டும் வீடிழப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பெற்றோரின் மன உளைச்சல் குறைந்தது, வீட்டுக்குள் வன்முறை குறைந்தது, பிள்ளைகள் பள்ளி மாறுவதும் குறைந்தது. இத்தனைக்கும் அந்த உதவியோடு தனி ஆலோசனைச் சேவை என்று பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. அதனால் அரசிடம் வாடகை உதவி கேட்கும் வேலையை நீங்கள் ஒருநாளும் விட்டுவிடக் கூடாது. "எங்களிடம் நல்ல தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்" என்பது பணம் தராமல் இருப்பதற்கு யாருக்கும் சாக்காகிவிடக் கூடாது.

சரி, அப்படியானால் தன்னார்வலர் என்னதான் செய்வது? வந்த கடிதங்களை அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் படிப்பது. என்னைக் கேட்டால் இதுதான் முதல் வேலை. பல நாள் பயந்து வாழ்ந்தவர்களுக்கு, மூடிய உறையைப் பார்த்தாலே வெளியேற்ற உத்தரவு போலத்தான் தெரியும். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், அவரோடு சேர்ந்து மேசையில் இருக்கும் காகிதங்களைப் பார்த்தாலே பாதிச் சிக்கல் ஆரம்பத்தில் பிடிபடும். ஒரு வாரம் தாமதமான வாடகையைப் பேசித் தீர்க்கலாம், மூன்று மாத நிலுவையைப் பேசித் தீர்ப்பது கடினம். பின்லாந்தில் நிலுவை பெருகும் முன்பே குடியிருப்பவரிடம் போய்ப் பேசுவதற்கென்று வீட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வெளியேற்றத்தைத் தடுப்பதையும் வீடின்மையைத் தீர்க்கும் வேலையாகத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

அப்புறம், அலுவலகங்களுக்குத் துணையாகப் போவது. தனியாகப் போய் "நாளை வா" என்ற பதிலோடு திரும்புகிறவர், பக்கத்தில் ஒருவர் இருந்தால் "நாளை எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வருவார். அவருக்காக நாம் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீடு மாறும்போது பள்ளியும் மாறினால், அந்தப் பிள்ளை தன் நண்பர்களையும் தன்னை அறிந்த ஆசிரியரையும் ஒரே நாளில் இழக்கிறது. அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்தின் கீழ், வீடிழந்த பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம், அதற்குப் போக்குவரத்தும் கேட்டுப் பெறலாம். இப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு தன்னார்வலர் காலையில் கூட்டிப்போய் விட்டுவர முடிந்தால், அந்த ஆண்டை அந்தப் பிள்ளை இழக்காது. நம் பக்கம் இன்னொரு குறையும் இருக்கிறது. மூன்று வாரம் வந்து பழகிவிட்டு நாலாவது வாரம் காணாமல் போகும் அண்ணன்களும் அக்காக்களும் ஏற்கெனவே நிறைய இழந்த பிள்ளைக்கு இன்னொரு இழப்பைத்தான் தருகிறார்கள். ஒன்பது மாதம் வர முடியாது என்கிறவருக்கு வேறு வேலை கொடுங்கள், பிள்ளைகளோடு சேர்க்காதீர்கள்.

சில பாதுகாப்பு ஏற்பாடுகளும் தேவை. பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும். குடும்பம் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக் கூடாது. புதுவீட்டின் படம் எடுத்துப் போடும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். அடிதடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்களும் நம் காப்பகங்களில் இருக்கிறார்கள். ஜன்னலும் தெருவும் தெரியும் ஒரு படம் போதும், அவரைத் தேடுகிறவன் வந்து நிற்க.

உங்களிடம் ஆள் போதவில்லை, தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்கே போதவில்லை என்பீர்கள். விசேஷ நாளன்று வரிசையில் நின்று பரிமாற வருகிறார்களே, அவர்களில் பத்தில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்: "ஒரு குடும்பம், வாரம் ஒரு மணி நேரம், ஒன்பது மாதம். முடியுமா?" இதுவரை நாம் அவர்களிடம் இதைக் கேட்டதே இல்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

அந்தத் தாய்க்குச் சென்ற மாதம் மறுபடி வீடு கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் போகிறேன். கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறார், நான் போனதும் சேர்ந்து பிரிக்கிறோம். உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்த ஏற்பாட்டைப் பேச எடுத்துக்கொண்டால், எந்த நாளாக இருந்தாலும் வந்து பேசத் தயார். செவ்வாய் மாலை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தன்னார்வலர்